சிவப்பு எழுத்தைக் கண்டு அஞ்சலாமா?



2017-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு இடைநிலைப் பள்ளிகளில் முதலாம் படிவத்திலேயே 'அசாஸ் சைன்ஸ் கொம்பியுத்தர்' என்றொரு பாடம் வந்திருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் இல்லை. எடுத்து நடத்தும் பள்ளிகளில் உண்டு. தமிழ்ப்பள்ளியிலும் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்துக்குள் நிரல் எழுதும் அரிச்சுவடி புகுந்துவிட்டது. நிரல் என்றால் வேறொன்றுமில்லை. காலையில் பிரட்டில் நின்று கங்காணி சொல்லும் வேலைகளைப் போல, முதலில் இது, பிறகு அது என்று கணினிக்கு வரிசையாக எழுதிக் கொடுக்கும் வேலைப் பட்டியல்தான்.

ஆகவே இப்போது கம்போங் ராஜாவிலும் புளூ வேலியிலும் பல வீடுகளில் ஒரே காட்சிதான். பிள்ளை மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்து பத்து வரி தட்டுகிறது. ஓட்டிப் பார்க்கிறது. திரையில் சிவப்பு நிறத்தில் ஆங்கிலத்தில் ஏதோ வந்து நிற்கிறது. பின்னால் நிற்கும் அப்பா, "என்னடா, கெடுத்துட்டியா? இன்னும் மாசத் தவணையே முடியலையே!" என்கிறார். அம்மா, "வேண்டாம்டா, மூடி வை" என்கிறார். பிள்ளையும் மூடி வைக்கிறது. இரண்டு வாரம் கழித்து, "எனக்கு இந்தப் பாடம் வராது சார், வேற பாடத்துக்கு மாத்திக்கிறேன்" என்று போய் நிற்கிறது.

இப்படிப் பாடத்தைக் கைவிட்ட பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கொழுந்து நிறுவையில் அரைக் கிலோ குறைந்தாலும் மனக்கணக்கிலேயே கண்டுபிடித்துவிடும் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். அந்தச் சிவப்பு எழுத்தை அவர்கள் ஒரு திட்டாக எடுத்துக்கொண்டார்கள். அதுதான் நடந்தது.

அது திட்டு அல்ல, முகவரி. எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், எந்த இடத்தில் கணினிக்குப் புரியாமல் போனது என்று சொல்கிறது. பைத்தான் மொழியானால் அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு சிறு கூரைக் குறியும் போட்டுக் காட்டும். 2021-இல் வெளிவந்த பைத்தான் 3.10 பதிப்பு முதல், 'நீ இதைத்தான் எழுத நினைத்தாயோ?' என்று யோசனைகூடச் சொல்கிறது. எழுத்துப் பிழையால் மடிக்கணினி கெட்டுவிடாது, பயப்படாதீர்கள். (கோப்புகளை அழிக்கும் கட்டளைகளின் சங்கதி வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன்.)

ஆங்கிலம்தான் தடை என்றால், அடிக்கடி வரும் சொற்கள் நாலைந்துதான். 'சின்டாக்ஸ் எரர்' என்றால் எழுதும் முறையில் பிழை: அடைப்புக்குறியோ மேற்கோள் குறியோ விட்டுப்போயிருக்கும். 'நேம் எரர்' என்றால் இந்தப் பெயரில் ஒன்றையும் நீ எனக்கு அறிமுகப்படுத்தவில்லையே என்று பொருள். பெரும்பாலும் ஓர் எழுத்து மாறியிருக்கும். 'இன்டென்டேஷன் எரர்' என்றால் வரியின் தொடக்கத்தில் விடவேண்டிய இடம் கூடியோ குறைந்தோ இருக்கிறது. 'அன்எக்ஸ்பெக்டெட் எண்ட் ஆஃப் ஃபைல்' என்றால், திறந்த ஒன்றை மூடாமலே பட்டியல் முடிந்துவிட்டது.

இந்தக் கடைசிப் பிழையில் ஒரு சங்கடம் உண்டு. மூன்றாம் வரியில் திறந்த மேற்கோளை மூட மறந்திருப்பீர்கள். கணினியோ ஒன்பதாம் வரி வரை மூடுவீர்கள், மூடுவீர்கள் என்று காத்திருந்துவிட்டு ஒன்பதாம் வரியைக் காட்டுவதும் உண்டு. ஆகவே காட்டிய வரியில் குற்றம் தெரியாவிட்டால் அதற்கு மேலே உள்ள வரிகளைப் பாருங்கள். கதவைத் திறந்து போட்டவன் ஒருவன், குளிரில் நடுங்கிக் கத்துகிறவன் இன்னொருவன் என்ற கதைதான்.

இனி, பிள்ளைகளை அதிகமாக இடறிவிடும் குறிக்கு வருவோம். அது சமக்குறி.

இரண்டு சிறு கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு 'சமம்' என்று காட்டும் வழக்கத்தை 1557-ஆம் ஆண்டில் தம் கணித நூலில் கொண்டுவந்தவர் வேல்ஸ் நாட்டு ராபர்ட் ரெக்கார்ட். அன்றிலிருந்து கணக்கு வாத்தியார்கள் எல்லாரும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தராசுத் தட்டுப்போல் சமம் என்றே சொல்லித் தருகிறோம். அப்படிப் படித்து வந்த பிள்ளையிடம் கணினிப் பாடத்தில் இந்த வரியைக் காட்டுகிறார்கள்:

மொத்தம் = மொத்தம் + 12

கணக்கில் இது அபத்தம். எந்த எண்ணும் தன்னோடு 12 சேர்த்ததற்குச் சமமாகாது. நன்றாகக் கணக்குப் படித்த பிள்ளைதான் இங்கே முதலில் குழம்பும்!

ஆனால் நிறுவைப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். காலை நிறுவையில் 18 கிலோ. கிராணி உங்கள் பெயருக்கு நேராக 18 என்று எழுதுகிறார். மாலையில் 12 கிலோ. பழைய மொத்தத்தைப் பார்க்கிறார், 12-ஐக் கூட்டுகிறார், பழையதை அடித்துவிட்டு 30 என்று எழுதுகிறார். அந்த வரி சொல்வது இதைத்தான். வலப்பக்கத்தை முதலில் கணக்கிடு. வந்த விடையை இடப்பக்கப் பெயருள்ள பெட்டியில் போடு. இங்கே சமக்குறிக்குச் 'சமம்' என்ற பொருளே கிடையாது. 'போடு' என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்: "மொத்தத்தில், மொத்தமும் பன்னிரண்டும் கூட்டிப் போடு." பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இப்போது '12 = மொத்தம்' என்று எழுதினால் கணினி ஏன் முறைக்கிறது என்பதும் விளங்கும். 12 என்பது பெட்டியல்ல, சரக்கு. சரக்குக்குள் பெட்டியைப் போட முடியுமா?

மேலே தமிழில் எழுதிக் காட்டிய வரி வெறும் உதாரணம் அல்ல. 2008-இல் வந்த பைத்தானின் மூன்றாம் பதிப்பு முதல் பெட்டிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்; 'மொத்தம்' என்று எழுதினாலே ஓடும். முழுக்க முழுக்கத் தமிழில் எழுத வேண்டுமானால் 'எழில்' என்ற மொழியே இருக்கிறது. முத்தையா அண்ணாமலை என்பவர் 2007 இறுதியில் தொடங்கி 2009-இல் அறிவித்தது. தமிழ்ப் பிள்ளைகள் நிரலின் அடிப்படையைத் தாய்மொழியிலேயே கற்கட்டும் என்பதற்காகச் செய்தது. அதில் 'பதிப்பி' என்றால் திரையில் காட்டு. 'ஆனால்' என்றால் நிபந்தனை. 'முடி' என்றால் முடி. ஆங்கில அச்சம் இல்லாமல் பிழை திருத்தப் பழக, ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

'போடு' என்பதற்கு ஒரு சமக்குறி என்றால், 'சமமா?' என்று கேட்பதற்கு என்ன குறி? பைத்தான், சி, ஜாவா, எழில் எல்லாவற்றிலும் இரண்டு சமக்குறி சேர்த்துப் போட வேண்டும்: ==. ஒன்று போட்டால் கட்டளை, இரண்டு போட்டால் கேள்வி. 1970-இல் நிக்லாஸ் விர்த் வடிவமைத்த பாஸ்கல் மொழியில் 'போடு' என்பதற்கு முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்த்து := என்று எழுத வேண்டும்; தனிச் சமக்குறி கேள்விக்கு மட்டும். என்னைக் கேட்டால் அதுதான் பிள்ளைகளுக்கு ஏற்ற முறை. ஆனால் ஊர் முழுக்க சி மொழியின் வழியில் போய்விட்ட பிறகு நாம் மட்டும் என்ன செய்வது?

பைத்தானில் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி போட்டால் சிவப்பு எழுத்து வரும். வரட்டும், நல்லதுதான். சி மொழியில் அது பிழையே அல்ல. 'அது பூஜ்யமா?' என்று கேட்பதற்குப் பதில் 'அதைப் பூஜ்யமாக்கு' என்று கட்டளையிட்டுவிட்டு நிரல் பாட்டுக்கு ஓடும். இதனால் என்ன கேடு விளையும் என்பதற்கு ஒரு மெய்யான சம்பவம் சொல்கிறேன்.

உலகத்தின் பெரும்பாலான இணையக் கணினிகளும், நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியும் லினக்ஸ் என்ற அடித்தளத்தின் மேல்தான் ஓடுகின்றன. 2003-ஆம் ஆண்டு நவம்பரில், அந்த லினக்ஸ் மூல நிரலின் ஒரு நகலில், யாரோ ஒருவர் திருட்டுத்தனமாக இரண்டே வரிகளைச் சேர்த்துவிட்டார். பார்த்தால், 'இந்தப் பயனரின் எண் 0-தானா?' என்று கேட்கும் சாதாரணச் சோதனை போலவே இருந்தது. லினக்ஸில் 0 என்ற எண் எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக்கு உரியது. ஆனால் அங்கே இருந்தது == அல்ல, ஒற்றை =. அதாவது, 'இவரை நிர்வாகியாக்கு' என்ற கட்டளை! வழி தெரிந்தவன் எவனும் அந்தக் கணினிக்கு எஜமானன் ஆகிவிடலாம். மூல நகலோடு ஒத்துப் பார்த்தபோது கணக்கு இடித்தது. வெளியே போகுமுன் பிடித்துவிட்டார்கள். செய்தது யார் என்பது வெளிப்படவேயில்லை.

ஒரு சிறு கோடு செய்யும் வேலை அது. அதைக் கண்டுபிடிக்க உலகத்து நிபுணர்களே இரண்டு நகலை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது என்றால், முதலாம் படிவத்துப் பிள்ளை தடுமாறுவதில் என்ன வெட்கம்?

அண்ணன் அக்காமார் சிலர் ஈப்போ உங்கு ஒமார் பொலிடெக்னிக் போன்ற இடங்களுக்குப் போய், அங்கே 'ஷெல்' என்பதைச் சந்திக்கிறார்கள். படம், பொத்தான் எதுவும் இல்லாமல் கட்டளையைத் தட்டி வேலை வாங்கும் கறுப்புத் திரை அது. 1979-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த போர்ன் ஷெல்லின் வழியில் 1989-இல் வந்த 'பாஷ்' ஷெல் இன்றும் புழக்கத்தில் உள்ளது. பைத்தானில் தேறிய பிள்ளையும் இங்கே வந்து முதல் நாளே முழிக்கும். காரணம், இடைவெளி.

நம் தமிழ் இலக்கணத்தில் பொதுமொழி என்று படித்திருக்கிறோம் அல்லவா? 'பலகை' என்று சேர்த்துச் சொன்னால் மரப்பலகை. 'பல கை' என்று பிரித்தால் பல கைகள். 'தாமரை' பூ, 'தா மரை' தாவுகிற மான். ஷெல்லுக்கும் இடைவெளிதான் இலக்கணம். (ஷெல்லில் பெட்டிப் பெயரை ரோமன் எழுத்தில்தான் வைக்க முடியும், உங்கள் வசதிக்காகத் தமிழில் காட்டுகிறேன்.)

கிலோ=12

இது சரி. 'கிலோ' என்ற பெட்டியில் 12 போய் உட்காரும். பைத்தானில் பழகிய கையோடு, அழகுக்காக இடம் விட்டு

கிலோ = 12

என்று எழுதினால், 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று பதில் வரும். இடைவெளி வந்ததும் ஷெல், 'கிலோ' என்பதை ஒரு கட்டளையின் பெயர் என்றும், மற்ற இரண்டையும் அந்தக் கட்டளைக்குக் கொடுத்த சாமான்கள் என்றும் எடுத்துக்கொள்கிறது. 'கிலோ என்ற பெயரில் எனக்கு ஒரு வேலையாளும் இல்லையே' என்கிறது. இதில் ஷெல்லின் மேல் குற்றமில்லை.

அதே ஷெல்லில் 'கிலோ 10-க்கு மேலா?' என்று சோதிக்கப் பகர அடைப்பு போட வேண்டும். அங்கே நேர்மாறாக இடைவெளி கட்டாயம். ஏனென்றால் ஷெல்லுக்கு அந்த [ என்ற குறியே ஒரு கட்டளையின் பெயர். [ என்பதையும் $கிலோ என்பதையும் ஒட்டி எழுதினால் '[12 என்றொரு கட்டளை இல்லை' என்று சொல்லும். பெட்டியில் போடும்போது வெறும் பெயர், எடுக்கும்போது முன்னால் $ குறி. இதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

இவை எல்லாம் கத்தும் பிழைகள். வாய் திறக்காத பிழைகள் இரண்டைச் சொல்கிறேன். [ $கிலோ=12 ] என்று சமக்குறியின் இருபுறமும் இடம் விடாமல் எழுதினால், ஷெல் அதை ஒரே சொல்லாகக் கொண்டு, 'சொல் ஒன்று இருக்கிறது, ஆகவே உண்மை' என்று எப்போதும் 'ஆம்' சொல்லும்; கிலோ 12 ஆனாலும் 200 ஆனாலும் ஆம்தான். இரண்டாவது இன்னும் வேடிக்கை. [ 9 > 12 ] என்று எழுதினால் எண்களை ஒப்பிடும் என்று நினைக்கிறோம். ஷெல்லுக்கு > என்பது 'விடையை இந்தக் கோப்பில் எழுது' என்ற குறி. ஆகவே 12 என்ற பெயரில் வெறும் கோப்பு ஒன்றை உண்டாக்கிவிட்டு, 'ஆம், உண்மை' என்று சொல்லிவிடும். ஒன்பது பன்னிரண்டைவிடப் பெரியதாம்! காரணம் தெரியாமல் '12' என்ற கோப்பு எங்கிருந்து முளைத்தது என்று தேடுவார்கள்.

இடைவெளியால் வந்த ஒரு பெரிய சேதமும் உண்டு. 2011-ஆம் ஆண்டில் 'பம்பிள்பீ' என்ற லினக்ஸ் மென்பொருளை நிறுவும் ஷெல் நிரலில், பழைய கோப்பு ஒன்றை அழிக்கும் கட்டளை இருந்தது. கோப்பிருக்கும் பாதையின் நடுவே, தவறுதலாக ஒரே ஓர் இடைவெளி. 'கீழ்த்தோட்டத்து மூன்றாவது லயத்துக் குப்பையை அகற்று' என்பது, 'கீழ்த்தோட்டத்தை அகற்று, மூன்றாவது லயத்துக் குப்பையையும் அகற்று' என்று ஆனது போல. 'யூஎஸ்ஆர்' என்ற அடைவில்தான் கணினியின் பெரும்பாலான மென்பொருள்கள் இருக்கும். நிறுவியவர்களின் கணினியில் அந்த அடைவு முழுவதும் அழிந்தது. இலக்கணப்படி அந்த வரியில் பிழையே இல்லை; அதனால் ஷெல் ஒரு வார்த்தை பேசாமல் சொன்னதைச் செய்தது.

2015 ஜனவரியில் 'ஸ்டீம்' என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் வேறொன்று. 'இந்த அடைவுக்குள் உள்ள எல்லாவற்றையும் அழி' என்று ஒரு வரி. அடைவின் பெயர் ஒரு பெட்டியில் இருக்க வேண்டும். ஒருவர் தம் அடைவை இடம் மாற்றி வைத்திருந்ததால் அந்தப் பெட்டி காலியாக இருந்துவிட்டது. காலிப் பெட்டியின் பின்னால் வந்த சாய்கோடு மட்டும் மிஞ்சியது. லினக்ஸில் தனிச் சாய்கோடு என்றால் முழுக் கணினி. அவருடைய கோப்புகள், பாதுகாப்புக்காக வெளித்தட்டில் எடுத்து வைத்த நகல் உட்பட, போயின. எழுதியவரே அந்த வரியின் பக்கத்தில் 'பயமாயிருக்கிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. பயந்தவர் 'பெட்டி காலியா?' என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

ஆகவே ஷெல் படிக்கும் பிள்ளைகளுக்கு: அழிக்கும் கட்டளை வரும் நிரலை, முதலில் அழிப்பதற்குப் பதில் 'எக்கோ' போட்டு எதை அழிக்கப் போகிறது என்று திரையில் பாருங்கள். பெட்டியை எடுக்கும்போது இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். 'ஷெல்செக்' என்ற இலவசச் சோதனைக் கருவி இருக்கிறது. மேலே சொன்ன பேசாப் பிழைகளில் பலவற்றை அது பேச வைத்துவிடும்.

கண்ணுக்கே தெரியாத பிழைகளும் உண்டு. வாத்தியார் 'வேர்ட்' கோப்பில் அனுப்பிய நிரலை அப்படியே ஒட்டினால், நேர் மேற்கோள்கள் வளைந்த மேற்கோள்களாக மாறி இருக்கும். பைத்தானுக்கு அவை பிடிக்காது. அழித்துவிட்டுக் கையால் தட்டினால் சரியாகும். விண்டோஸில் எழுதிய ஷெல் நிரலை லினக்ஸில் ஓட்டினால், வரிக் கடைசியில் ஒளிந்திருக்கும் ஓர் எழுத்து தகராறு செய்யும். சரியான வரியைப் பிழை என்கிறதே என்று பிள்ளை அழுதால், இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"எங்களுக்கு எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கவே நேரமில்லை, நிரலுக்கு நாங்கள் என்ன உதவி செய்ய?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்களால் முடியும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனையாவது வரி என்கிறது? அந்த வரியை எனக்குத் தமிழில் சொல்லு, என்ன செய்யச் சொல்கிறாய்? கடைசியாக எதை மாற்றினாய்? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதே பாதிப் பிள்ளைகள் "அட, இருங்கம்மா!" என்று தாமே திருத்திவிடுவார்கள். நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாலும் போதும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது தீர்த்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

இந்த வாரப் பயிற்சி, எழில் மொழியில். வீட்டில் எல்லாரும் சேர்ந்து பாருங்கள்.

கொழுந்து = 14
@( கொழுந்து = 14 ) ஆனால்
பதிப்பி "இன்று நல்ல நிறை

மூன்று பிழைகள் உண்டு. ஒன்று கேள்விக்கும் கட்டளைக்கும் உள்ள பேதம். ஒன்று திறந்ததை மூடாதது. ஒன்று முடிக்காமல் விட்டது. முதல் வரியில் குற்றம் இல்லை, அதைத் தொடாதீர்கள். விடை அடுத்த இதழில்.